பந்து சுழல மட்டை எவ்வளவு உதவும்? கொழும்பு டென்னிஸ் ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு கட்டிக் கொடுப்பது என் வேலை. அறுந்த மட்டையோடு வருகிறவர்கள் வேலை முடியும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். அவற்றில் பாதிக்கு மேல் சுழற்சியைப் பற்றியவை. பந்து வலைக்கு மேலே நன்றாக உயர்ந்துபோய், கோட்டுக்குள் சட்டென்று இறங்கி, எதிரே நிற்பவரின் தோளுக்கு எகிற வேண்டும் என்பதுதான் இன்றைக்கு எல்லோருடைய ஆசையும். பந்தை அப்படி முன்னோக்கிச் சுழலவிடுவதுதான் டொப்ஸ்பின். திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

புது மட்டை வாங்கினால் டொப்ஸ்பின் கூடுமா?

கூடும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு அல்ல. முதலில் உங்கள் வீச்சு, அடுத்தது நரம்பு, அதற்கடுத்தது நரம்புகள் பின்னப்பட்டிருக்கும் நெருக்கம், கடைசியில்தான் மட்டையின் சட்டம். விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைக்கின்றன. விலை கூடியது சட்டம்தானே.

பந்து நரம்பில் தங்கியிருப்பது ஏறத்தாழ 5 மில்லிசெக்கன்கள்தான். அந்த நேரத்துக்குள் மட்டை கீழிருந்து மேலாக எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அந்த அளவுக்குப் பந்து சுழலும். மணிக்கட்டை மடக்கிப் பந்தைச் சுற்றி வருடவேண்டும் என்று சொல்வதை நம்பாதீர்கள். வருடுவதற்கு அங்கே நேரமே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எதிராளியின் டொப்ஸ்பின் பந்து தரையில் பட்டு உங்களிடம் வரும்போது அது ஏற்கெனவே சுழன்றுகொண்டுதான் வருகிறது. நீங்களும் டொப்ஸ்பின் அடிக்க வேண்டுமானால் அந்தச் சுழற்சியை நிறுத்தி, எதிர்த்திசையில் திருப்பவேண்டும். பந்து பின்னோக்கிச் சுழலும்படி வெட்டி, ஸ்லைஸ் அடிப்பவருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. வந்த திசையிலேயே சுழல விட்டால் போதும். மந்தமான வீச்சு உள்ளவர்களுக்கும் ஸ்லைஸ் அழகாக வருவதன் காரணம் இதுதான்.

சுழலும் பந்து ஏன் கீழே இறங்குகிறது?

மேற்புறம் முன்னோக்கிச் சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதற்கு ஈடாகப் பந்து கீழே தள்ளப்படுகிறது. இதை மக்னஸ் விளைவு என்பார்கள். காற்று அடர்த்தியாக இருந்தால் விளைவும் கூடும். கடல் மட்டத்தில் இருக்கும் கொழும்பில் கோட்டுக்குள் விழுந்த அதே அடி, 1800 மீற்றருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவில் வெளியே போகும். ஏப்ரல் விடுமுறையில் அங்கே ஆடப் போகிறவர்கள் நரம்பை இரண்டு மூன்று இறாத்தல் இறுக்கிக் கட்டிக்கொண்டு போவது நல்லது.

நரம்பு அப்படி என்னதான் செய்கிறது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது.

நைலோன் நரம்பு கட்டிய மட்டையோடு ஆடுகிறவரைப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் மட்டையை முகத்துக்கு நேரே பிடித்து, விலகிப்போன நெடுக்கு நரம்புகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாக இழுத்து நேராக்குவார். பொலியெஸ்டர் கட்டியவருக்கு, நரம்பு புதிதாக இருக்கும்வரை, அந்த வேலை இல்லை. நரம்புகள் விலகாததால் அல்ல, அவையும் விலகுகின்றன. விலகிய வேகத்திலேயே திரும்பி வந்துவிடுகின்றன.

அடியின்போது நெடுக்கு நரம்புகள் பந்தோடு சேர்ந்து பக்கவாட்டில் இழுபடுகின்றன. பந்து பிரிவதற்குச் சற்று முன் அவை பழைய இடத்துக்குப் பாய்ந்து திரும்பினால், அந்தப் பாய்ச்சல் பந்தை இன்னும் ஒரு முறை உருட்டிவிடும். அவை வழுக்கித் திரும்ப வேண்டுமானால் நெடுக்கும் குறுக்கும் உரசும் இடங்களில் உராய்வு குறைவாக இருக்கவேண்டும். கரம் பலகையில் பவுடர் தூவுவது எதற்காகவோ அதற்காகத்தான். ஜப்பானிய ஆய்வாளர் கவசோயே நரம்புகளுக்கு எண்ணெய் பூசி அதிவேகக் கமராவில் படம்பிடித்துக் காட்டியது இதைத்தான். சொரசொரப்பான நரம்புதான் பந்தைப் பிடித்துச் சுழற்றும் என்ற பழைய எண்ணம் அத்தோடு ஆட்டம் கண்டது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1977 இல் 'ஸ்பகெட்டி' மட்டை என்று ஒன்று வந்தது. ஜேர்மனியைச் சேர்ந்த வேர்னர் பிஷர் உருவாக்கியது. நெடுக்கு நரம்புகள் இரண்டு அடுக்குகளாக, குறுக்கு நரம்புகளோடு பின்னப்படாமல், தாராளமாக நகரும்படி கட்டப்பட்டிருந்தன. அந்த ஆண்டு ஒக்டோபரில் பிரான்சின் எக்ஸ்-ஒன்-புரொவொன்ஸ் நகரில் ருமேனிய வீரர் இலி நஸ்டாஸே அந்த மட்டையோடு இறங்க, களிமண் தரையில் தொடர்ந்து 53 ஆட்டங்களை வென்றிருந்த ஆர்ஜென்டினா வீரர் கிலெர்மோ விலாஸ் இரண்டு செட் இழந்ததும் வெறுத்துப்போய் ஆட்டத்தை விட்டு வெளியேறினார். சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் உடனே தற்காலிகத் தடை போட்டு, 1978 இல் அதை நிரந்தரமாக்கியது. நரம்புகள் ஒன்றோடொன்று மாறி மாறிப் பின்னப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. பின்னப்பட்ட நரம்பிலேயே அந்த வழுக்கலில் ஒரு பங்கைச் சட்டப்படி கொண்டுவந்தது பொலியெஸ்டர். 1997 இல் பிரேசில் வீரர் குஸ்தாவோ குவேர்ட்டன் லக்சிலோன் நிறுவனத்தின் பொலியெஸ்டர் நரம்போடு பிரெஞ்சுப் பகிரங்கப் பட்டத்தை வென்ற பிறகு, நரம்புச் சந்தையே மாறிப்போனது.

அப்படியானால் எல்லோரும் பொலியெஸ்டர் கட்டிவிடலாமா?

வேண்டாம். பொலியெஸ்டர் விறைப்பானது. அதை நெளியவைக்கும் அளவுக்கு வேகமாக வீசாதவருக்கு அதனால் சுழற்சியும் கிடைக்காது, வேகமும் கிடைக்காது; முழங்கை வலி மட்டும் மிஞ்சும். பொலியெஸ்டரை மாதக்கணக்கில் அறுக்காமல் வைத்திருக்கிறவர் 'நல்ல நரம்பு, நீண்ட காலம் உழைக்கிறது' என்று சொன்னால், அவருக்கு அது தேவையில்லை என்றுதான் அர்த்தம்.

நைலோனில் இரண்டு வகை உண்டு: ஒற்றை இழையை நடுவில் கொண்ட சாதாரண நரம்பு, நூற்றுக்கணக்கான நுண்ணிழைகளைத் திரித்துச் செய்த மென்மையான நரம்பு. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஆடுகிறவருக்கு இரண்டில் ஒன்று போதும். நடுவழி வேண்டுமென்றால் நெடுக்கில் பொலியெஸ்டர், குறுக்கில் நைலோன் கட்டலாம். ரோஜர் பெடரரும் நோவாக் ஜோகோவிச்சும் நெடுக்கில் மாட்டுக்குடல் நரம்பும் குறுக்கில் பொலியெஸ்டரும் கட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு யாராவது குடல் நரம்பு கேட்டால் நான் தயங்குவேன். விலை ஒருபுறம் இருக்க, அது ஈரத்தின் எதிரி. ஆண்டு முழுக்க வியர்த்துக் கொட்டும் இந்த ஊரில், அதுவும் மழைக்கு நடுவே ஆடுகிறவருக்கு, அது காசைக் கரியாக்கும் வேலை.

ஐங்கோண, எண்கோண நரம்புகளைப் பற்றியும் கேட்பார்கள். விளிம்புகள் கொஞ்சம் உதவலாம். ஆனால் வழுக்கும் தன்மைதான் முக்கியம். வழுவழுப்பான நல்ல வட்ட நரம்பு, மலிவான ஐங்கோண நரம்பைவிட எவ்வளவோ மேல்.

16×19, 18×20 என்று எழுதியிருக்கிறதே, எதை எடுப்பது?

முதல் எண் நெடுக்கு நரம்புகள், இரண்டாவது குறுக்கு நரம்புகள். எண்கள் குறைந்தால் இடைவெளி கூடும், நரம்பு நகர இடம் கிடைக்கும், சுழற்சி ஏறும். பந்து மட்டையிலிருந்து கிளம்பும் கோணமும் சற்று உயரும். வலையில் அடிக்கடி மாட்டுகிறவருக்கு 16×19 தானாகவே ஒரு உதவி. தட்டையாக, வலையை ஒட்டி அடிக்கிறவருக்கு அதே உயரம் எரிச்சலைத் தரும். பந்து நினைத்ததைவிட நீளமாகப் போகும். அவருக்கு 18×20 நிம்மதி.

2013 இல் வில்சன் நிறுவனம் குறுக்கு நரம்புகளை நெடுக்கைவிடக் குறைத்து, 16×15 என்று ஒரு மட்டையைக் கொண்டுவந்தது. சுழற்சி கூடியது உண்மை. நரம்பு அறுவதும் கூடியது. நரம்பு கட்டுகிறவன் அதைப் பற்றிக் குறை சொல்லக் கூடாதுதான்.

எண்களை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 16×19 ஆக இருந்தாலும் சில மட்டைகளில் நடுவில் நரம்புகள் நெருங்கியிருக்கும். கடையில் இரண்டு மட்டைகளை அருகருகே பிடித்து நடுப்பகுதிக் கட்டங்களைக் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எத்தனை இறாத்தல் இழுவையில் கட்டவேண்டும்?

பொலியெஸ்டர் என்றால் 48 இலிருந்து 52, நைலோன் என்றால் 53 இலிருந்து 57. அங்கிருந்து தொடங்குங்கள். தளர்த்தினால் சுழற்சி கூடும் என்று ஒரு சாரார், இறுக்கினால் கூடும் என்று மறுசாரார். இரு பக்கமும் சத்தம்தான் பெரிது, வித்தியாசம் சிறிது. இழுவை மாற்றுவது பந்து விழும் நீளத்தை. இறுக்கினால் பந்து குட்டையாக விழுவதால், பயமில்லாமல் வேகமாக வீசுகிறீர்கள். அந்த வீச்சுதான் சுழற்சியைக் கூட்டுகிறது.

மட்டையின் தலை பெரிதாக இருந்தால் நல்லதா?

மரமட்டைக் காலத்தில் தலை 65 முதல் 70 சதுர அங்குலம். அந்த ஒடுங்கிய தலையைச் சாய்த்து மேலே இழுத்தால் பந்து சட்டத்தில் பட்டுத் தெறிக்கும். 1976 இல் ஹவர்ட் ஹெட் வடிவமைத்த பிரின்ஸ் மட்டை 110 சதுர அங்குலத்தோடு வந்தபோது சிரித்தவர்கள் பிறகு அடங்கிப்போனார்கள். தலை அகலமானால் செங்குத்தான வீச்சுக்குத் துணிவு வரும், அவ்வளவுதான். பெடரரே 90 சதுர அங்குலத்திலிருந்து 2014 இல் 97க்கு மாறினார். கழக ஆட்டக்காரர்களுக்கு 98 முதல் 100 வரை பொருந்தும். அறுபதைத் தாண்டிய, இரட்டையர் மட்டும் ஆடுகிற ஐயாமார் 105க்குப் போனால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடை கூடியதா, குறைந்ததா?

நரம்பில்லாமல் 300 கிராம் என்பது நடுநிலை. ஆனால் தராசில் தெரியும் எடையைவிட வீசும்போது கையில் தெரியும் பாரமே முக்கியம். ஒரே 300 கிராம் மட்டை, பாரம் தலைப் பக்கம் இருந்தால் சுத்தியலாகிவிடும். கைப்பிடிப் பக்கம் இருந்தால் துள்ளும்.

சுழற்சிக்கு வேண்டியது தலையின் வேகம். எனவே முதல் செட்டில் அல்ல, இரண்டாவது செட்டின் முடிவில் எந்த எடையை வேகமாக வீச முடிகிறதோ அதுதான் உங்கள் எடை. மாலை ஐந்து மணிக்கும் 30 பாகை வெப்பம் இருக்கும் ஊர் இது. பரீட்சித்துப் பார்க்கும் மட்டையைப் பத்து நிமிடம் சுழற்றிவிட்டு வாங்காதீர்கள்; களைத்த பிறகு மறுபடி எடுத்து வீசிப் பாருங்கள். 280 கிராமுக்கும் கீழே போனால் வேறு சிக்கல்: பலமாக வரும் பந்து மட்டையைக் கையிலேயே திருப்பிவிடும்.

விறைப்பான சட்டம் சுழற்சி தருமா?

நேரடியாக இல்லை. விறைப்பு வேகம் தரும். வேகம் இலவசமாகக் கிடைத்தால் வீச்சின் பெரும்பகுதியை மேல்நோக்கிச் செலவிடலாம். முழங்கை வலி உள்ளவர்கள் விறைப்பு எண் 65க்குக் கீழே உள்ள சட்டத்தைத் தேடுங்கள்.

எந்த ஆட்டத்துக்கு எந்த மட்டை?

பின்கோட்டில் நின்று ஓடியோடி டொப்ஸ்பின் அடிப்பவர், உள்ளங்கை கைப்பிடியின் அடியில் வரும்படி பிடிக்கும் செமிவெஸ்டர்ன் அல்லது வெஸ்டர்ன் பிடி உள்ளவர்: 100 சதுர அங்குலம், 16×19, 300 கிராம், பொலியெஸ்டர். பபோலாவின் பியூர் ஏரோ, யோனெக்சின் விகோர், ஹெட்டின் எக்ஸ்ட்ரீம் எல்லாம் இந்தக் குடும்பம். இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே நேரத்தில் இரண்டு கூடை பந்து அடித்திருக்கலாம்.

முன்னே ஏறி, பந்து தரையில் பட்டு எழும்போதே தட்டையாக அறைகிறவருக்கு 98, 18×20 அல்லது நெருக்கமான 16×19, எடை 305க்கு மேல். இவருக்குச் சுழற்சி பாதுகாப்பு மட்டும்தான்.

ஸ்லைஸ், பந்து தரையில் படுமுன் அடிக்கும் வொலி, இரட்டையர் என்று ஆடும் நம் மூத்தவர்களுக்குப் பொலியெஸ்டரும் வேண்டாம், 'ஸ்பின்' என்று பெயர் போட்ட மட்டையும் வேண்டாம். பந்து கிளம்பும் கோணம் உயர்ந்தால் ஸ்லைஸ் மிதந்து போகும், வலையருகே நிற்பவர் அடித்து நொறுக்கிவிடுவார். பாரம் கைப்பிடிப் பக்கம் உள்ள, மென்மையான மட்டையும் நைலோன் நரம்பும் அவர்களுக்குப் பொருந்தும்.

எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஆடுகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் இப்போது வைத்திருக்கும் மட்டையிலேயே இருந்துகொண்டு நரம்பை மாற்றிப் பார்க்கட்டும். ஒரு மட்டையின் விலைக்கு எத்தனை தடவை நரம்பு கட்டலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

களிமண் தரைக்கும் கடினத் தரையான ஹார்ட் கோர்ட்டுக்கும் வேறு வேறு நரம்பு வேண்டுமா?

கொழும்பு 7, சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் உள்ள இலங்கை டென்னிஸ் சங்கத்தின் களிமண் தரையில் ஆடியவர்களுக்குத் தெரியும்: டொப்ஸ்பின் பந்து அங்கே மண்ணைக் கவ்விக்கொண்டு எகிறும். காய்ந்திருக்கும்வரை சுழற்சிக்காரர்களின் ராச்சியம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கதை மாறும். ஈரமண்ணில் எகிறல் அடங்கும், பந்தின் ரோமம் நீரை உறிஞ்சிக் கனக்கும். அந்த நாட்களில் இழுவையை இரண்டு இறாத்தல் தளர்த்தினால் நீளம் கிடைக்கும்.

இன்னொரு சங்கதி. செம்மண் துகள்கள் நரம்புகள் உரசும் இடங்களில் புகுந்து அரத்தைப் போட்டதுபோல் அராவும், வழுக்கலும் கெடும். ஆடி முடிந்ததும் உலர்ந்த துணியால் நரம்பை ஒரு தடவை துடையுங்கள். ஹார்ட் கோர்ட்டில் இந்தத் தொல்லை இல்லை.

நரம்பை எப்போது மாற்றவேண்டும்? அறுந்த பிறகுதானே?

நைலோனை அறும்வரை வைத்திருக்கலாம். பொலியெஸ்டர் அறுவதற்கு வெகு முன்னரே செத்துவிடும். பத்து முதல் இருபது மணிநேர ஆட்டத்துக்குள் அதன் துள்ளல் போய்விடும். கண்டுபிடிக்க எளிய வழி: நெடுக்கு நரம்பு ஒன்றைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு விடுங்கள். 'டக்'கென்று திரும்பினால் உயிர் இருக்கிறது. தள்ளிய இடத்திலேயே நின்றால், குறுக்கு நரம்பு பதிந்து பள்ளம் விழுந்துவிட்டது. வெட்டியெறியுங்கள்.

நண்பகலில் பூட்டிய காருக்குள் மட்டையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் புது நரம்பும் ஒரே நாளில் தளர்ந்துவிடும்.

பன்னிரண்டு வயது மகன் நடாலின் மட்டையே வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

கடையில் கிடைப்பது அவருடைய மட்டையின் தோற்றம்தான். ரபாயல் நடால் ஆடியது தலையின் உச்சியில் ஈயப் பட்டி ஒட்டிப் பாரமாக்கப்பட்ட மட்டை. அமெரிக்கப் பயிற்றுநர் ஜோன் யாண்டெல் அதிவேகக் கமராவால் அளந்தபோது நடாலின் போர்ஹேண்ட் சராசரியாக நிமிடத்துக்கு 3200 தடவை சுழன்றது; சம்ப்ராஸ், அகாசி தலைமுறை 1900க்குள் நின்றது. அதில் மட்டைக்கும் நரம்புக்கும் பங்கு உண்டு. ஆனால் உங்கள் மகனிடம் இப்போது இல்லாதது அந்தத் தோள்.

பன்னிரண்டு வயதில், உயரத்தைப் பொறுத்து, 26 அங்குல மட்டை அல்லது 260 கிராமுக்கு உட்பட்ட 27 அங்குல மட்டை. நரம்பு மென்மையான நைலோன் மட்டுமே. வளரும் முழங்கைக்குப் பொலியெஸ்டர் கட்டித் தரச் சொல்லும் பெற்றோரிடம் நான் மறுத்துவிடுவேன். பயிற்றுநர் சொன்னார் என்றாலும் மறுப்பேன்.

கைப்பிடி அளவு சுழற்சியைப் பாதிக்குமா?

சற்றே மெல்லிய பிடியில் மணிக்கட்டு இலகுவாகத் திரும்பும். நடாலே இலக்கம் 2, அதாவது நாலே கால் அங்குலம்தான். மிக மெலிந்தால் மட்டை கையில் சுழலும், அதைத் தடுக்க இறுக்கிப் பிடித்து முன்கை வலிக்கும். நம் வியர்வைக்குக் கைப்பிடியின் மேல் மேற்பட்டி சுற்றாமல் ஆட முடியாது. அதன் தடிப்பையும் கணக்கில் எடுத்து, ஓர் அளவு சிறியதாக வாங்குங்கள்.

விலை தாங்கவில்லை. பழைய மட்டை வாங்கலாமா?

தாராளமாக. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியதற்குப் பிறகு புது மட்டையின் விலை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஐந்தாறு ஆண்டு பழைய மட்டையில் சுழற்சிக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆண்டுதோறும் மாறுவது பெரும்பாலும் பூச்சுத்தான். வாங்குமுன் நரம்புத் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். துளைகளில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் குழல்கள் தேய்ந்திருந்தால் மாற்றுக்குழல் கிடைக்குமா என்று கேளுங்கள். போலிகளும் உலவுகின்றன. சமையலறைத் தராசு போதும்: சட்டத்தில் அச்சிட்ட எடைக்கும் தராசு காட்டும் எடைக்கும் முப்பது நாற்பது கிராம் வித்தியாசம் வந்தால் விட்டுவிடுங்கள். நரம்பும் மேற்பட்டியும் சேர்ந்தே இருபது கிராம் அளவில்தான் கூட்டும்.

நரம்பில் செருகும் ரப்பர் குமிழ் சுழற்சியைக் குறைக்குமா?

இல்லை. சத்தம் மட்டும் மாறும். பின்னல் முடியும் இடத்துக்கு வெளியே, கடைசிக் குறுக்கு நரம்புக்குக் கீழே செருகவேண்டும். உள்ளே செருகுவது விதிக்கு மாறானது.